ஜமால் பாயின் இடது காதுக்கு ஒரு ஸ்பேர் பார்ட்

காது டாக்டர் தொழிலில் முதலில் கெட்டுப்போவது டாக்டரின் தொண்டைதான். வீட்டில் காது மந்தமான ஒருவரோடு குடும்பம் நடத்தும் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. "இன்னொரு தோசை வேணுமா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் கேட்காமலே தட்டில் போட்டுவிடுகிற கட்சி நீங்கள். நானும் அதே கட்சிதான், என்ன, எனக்கு அது நாள் முழுக்க. தல்லாகுளத்தில் கிளினிக் வைத்து இத்தனை வருஷத்தில் என்னை அதிகம் சிரிக்க வைத்தவரும் அதிகம் கத்த வைத்தவரும் ஒரே ஆள்தான். கோரிப்பாளையத்தில் பைக் பட்டறை வைத்திருக்கும் ஜமால் பாய்.

என்ன தொந்தரவு?

"என்ன தொந்தரவு?" என்று நான் கேட்டதும், அவர் மனைவி நூர்ஜஹான் அதையே அவர் காதருகே போய்க் கத்தினார். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாய் சொன்ன பதில் ஒரே வார்த்தை: "போனு."

மகள் ஆயிஷா கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். வீடியோவில் அவள் வாய் அசையும், இவர் சிரிப்பார், தலையாட்டுவார், அவ்வளவுதான். அவள் சொன்னதை நூர்ஜஹான்தான் பிறகு கத்திச் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து சீழ் வடிந்த காது, இப்போது இரண்டு பக்கமும் மந்தம், இடதுபக்கம் மோசம். காது கேட்க மெஷின் வைத்தால் மறுபடி சீழ். சாவதற்குள் ஒரு தரமாவது மகளோடு தானே போனில் பேச வேண்டும் என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எப்படிப் பட்டறை நடத்துகிறீர்கள் என்று கேட்டேன். இடுப்பிலிருந்து ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை உருவினார். முனை இன்ஜின் மேல், கைப்பிடி காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பின் மேல், அப்படி வைத்தால் உள்ளே நடப்பதெல்லாம் கேட்குமாம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டிக் காதுக்கு முன்னால் பிடித்தேன், உதட்டைப் பிதுக்கினார். அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தேன், கண் இரண்டும் விரிந்தது. நரம்பு நன்றாக இருக்கிறது, சத்தம் உள்ளே போகிற வழிதான் கெட்டிருக்கிறது என்று இதற்கு அர்த்தம். நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஃபோர்க் அவர் கைக்குப் போயிருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"கைப்பிடி ஒண்ணு போட்டுட்டா நம்ம ஸ்க்ரூ டிரைவர்தான டாக்டரம்மா! எந்தக் கடையில எடுத்தீக?"

சுத்தி, பட்டடை

காதுக்குள் மூன்று குட்டி எலும்புகள் உண்டு: கொல்லன் பட்டறையில் இருப்பது போலவே ஒரு சுத்தி, ஒரு பட்டடை, பிறகு குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் வளையம் மாதிரி ஒரு அங்கவடி. செவிப்பறையின் அதிர்வை ஒன்று இன்னொன்றுக்குக் கைமாற்றிவிடும். பாய்க்குச் செவிப்பறையில் ஓட்டை, நடுவில் இருக்கும் பட்டடை அரித்துப்போய் இணைப்பு விட்டுவிட்டது. படம் வரைந்து, பக்கத்தில் எழுதியும் காட்டினேன். படத்தைப் பார்த்த மனிதர் தொடையைத் தட்டிச் சிரித்தார். சுத்தியும் பட்டடையும் தலைக்குள்ளேயே இருக்கும்போது வாடகைக்குக் கடை பிடித்தது முட்டாள்தனம் என்றார்.

ஓட்டையை அவர் தசையின் மேலிருந்தே ஒரு சவ்வு எடுத்து அடைப்பேன், பட்டடைக்குப் பதிலாக அரிசியை விடச் சின்னதாக ஒரு டைட்டானியம் துண்டு வைப்பேன் என்று எழுதினேன். ஒரிஜினலா, டூப்ளிகேட்டா என்று உடனே கேட்டார். ஒரிஜினல்தான் என்று சத்தியம் செய்யாத குறை. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொன்னேன். அந்தத் துண்டை முடுக்கி வைக்க ஸ்க்ரூ கிடையாது, சும்மா அங்கவடியின் தலையில் உட்கார்ந்திருக்கும். நகர்ந்துவிட்டால் காது வராது, இன்னும் மந்தமாகக்கூடப் போகலாம். பாய் படத்தை இன்னொரு தரம் உற்றுப் பார்த்தார். நூர்ஜஹான் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பாய் கேட்டது இது:

"மாட்டுன உடனே ஒரு டெஸ்ட் டிரைவ் பாத்துருவோம்ல?"

பச்சைத் துணிக்குள்ளிருந்து

மரத்துப்போக ஊசி போட்டு, ஆள் விழித்திருக்கும்போதே இந்த ஆபரேஷனைச் செய்வது என் வழக்கம். வலது காது தலையணையில் அமுங்கியிருக்கும், இடது காது என் மைக்ராஸ்கோப்புக்கு அடியில், முகத்தின் மேல் பச்சைத் துணி. இவருக்கு எங்கே கேட்கப்போகிறது என்ற தைரியத்தில் தியேட்டருக்குள் ஊர்க்கதை தாராளமாக ஓடும். துண்டை எடுத்து அங்கவடியின் தலையில் உட்காரவைத்து, மேலே சவ்வை விரித்தேன். மூச்சுவிடவே பயமாக இருக்கும் நேரம் அது. எனக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் செல்வி சிஸ்டருக்குத்தான் அந்தப் பயமெல்லாம் கிடையாது. என் பக்கம் சாய்ந்து, "மேடம், எங்க வீட்டுக்காரரு வண்டி எம்புட்டு நாளா இவரு பட்டறையிலதான் கெடக்கு. கேட்டா நாளைக்கு, நாளைக்குங்கிறாராம்" என்று கிசுகிசுத்தார்.

பச்சைத் துணி லேசாக ஆடியது. துணிக்கு அடியிலிருந்து குரல் வந்தது:

"சிஸ்டர், கார்புரேட்டருக்குள்ள மண்ணெண்ணெய ஊத்துனது உங்க வீட்டுக்காரரு, நானில்ல."

பழைய சாமான்

கிசுகிசுத்ததே அவருக்குக் கேட்டுவிட்ட சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். சவ்வு ஒட்டும்வரை காதுக்குள் பஞ்சு அடைத்தாக வேண்டும், அடைத்ததும் பழையபடி எல்லாம் மூடிக்கொண்டது. வார்டுக்கு வந்த பாய் மகளைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. கையை நீட்டி, கழற்றிய பட்டடையைக் கொடுங்கள் என்றார்.

உடம்பிலிருந்து எடுத்ததை அப்படியெல்லாம் கொடுக்க முடியாது, மருத்துவக் கழிவு, அதற்கென்று விதி இருக்கிறது என்று எழுதிக் காட்டினேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அவர் பட்டறையில் பழைய சாமானைக் கஸ்டமர் கையில் கொடுக்காமல் ஒரு வண்டியும் வெளியே போனதில்லையாம். கொடுக்கவில்லை என்றால் மாற்றவே இல்லை என்று அர்த்தமாம். அப்போ நான் செய்த ஆபரேஷனும் பொய்யா? நானும் என் திரையில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டி, அவர் போனுக்கே அனுப்பியும் வைத்தேன். அரித்துப்போன எலும்பைப் பெரிதாக்கிப் பார்த்து, தேய்மானம் நிஜம்தான் என்று ஒப்புக்கொண்டார். கோபம் மட்டும் போகவில்லை.

"என் தலைக்குள்ள கெடந்த சாமானை என்னையக் கேக்காம குப்பையில போடுவீகளோ?"

கறுப்பு வட்டம்

மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது, பட்டறைப் பக்கமே போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு நாள் காலையில் நூர்ஜஹான் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். காதைச் சுற்றியிருந்த கட்டின் மேல், தையலுக்கு நேராக, கறுப்பாக ஒரு கிரீஸ் வட்டம். என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். யாரோ ஒரு புல்லட்டைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே ஏதோ தட்டும் சத்தம், எந்த மெக்கானிக்காலும் கண்டுபிடிக்க முடியவில்லையாம். பாய் ஸ்க்ரூ டிரைவரை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியை நேராகத் தையலின் மேல் வைத்து, ஆக்சிலேட்டரை முறுக்கச் சொல்லியிருக்கிறார்!

அந்தத் துண்டு நகர்ந்திருந்தால் எல்லாம் போச்சு. பஞ்சை எடுக்கும் நாள் வரை உள்ளே பார்க்கவும் முடியாது. அவருக்குக் கேட்காது என்பதையும் மறந்து கத்து கத்தென்று கத்தினேன். நான் அடங்கும்வரை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவர், கடைசியில் மெல்லச் சொன்னார்:

"கை அதுவாப் போயிருச்சு டாக்டரம்மா. ஆனா உள்ள தட்டுனது டாப்பெட்டுதான், கரெக்டாப் புடிச்சுட்டேன்."

நூர்ஜஹானின் கவலை

அன்று பாயை வெளியே உட்காரவைத்துவிட்டு நூர்ஜஹான் மட்டும் திரும்பி வந்தார். துண்டு நகர்ந்திருக்குமா என்று கேட்டு ஒரு பாட்டம் அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, இன்னொரு விஷயம் சொன்னார். மகள் போனில் சொன்னதாகப் பாயிடம் தான் கத்திச் சொன்னதில் பாதி மகள் சொன்னது இல்லையாம். டீக்குச் சீனி போடக் கூடாது என்று சொன்னது ஆயிஷா இல்லை. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பழைய இன்ஜின் சாமான்களை எடைக்குப் போடச் சொன்னதும், அம்மாவுக்கு நல்ல மிக்ஸி வாங்கிக் கொடுக்கச் சொன்னதும் ஆயிஷா இல்லை. கட்டின பெண்டாட்டி சொன்னால் கேட்காத மனிதர், மகள் சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டாராம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டிருந்த அந்தம்மாவும் சிரித்துவிட்டார்.

"காது வரணும்னு நோன்பு வச்சிருக்கேன் டாக்டரம்மா, வந்துருச்சுன்னா நான் மாட்டிக்கிருவேன்."

டெஸ்ட் டிரைவ்

பஞ்சு எடுக்கும் நாள். செல்வி சிஸ்டர் வேறு வேலை இருக்கிற மாதிரி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சவ்வு ஒட்டியிருந்தது, அதற்குப் பின்னால் துண்டு இருப்பது மங்கலாகத் தெரிந்தது. இடத்தில்தான் இருக்கிற மாதிரி இருந்தது, ஆனால் இருக்கிற மாதிரி என்பதை வைத்துக்கொண்டு போன் பேச முடியாதே. வலது காதை அடைத்துவிட்டு, அவருக்குப் பின்னால் போய் நின்று, மெதுவாக "ஜமால் பாய்" என்றேன். பதில் இல்லை. இன்னொரு தரம். பதில் இல்லை. நூர்ஜஹான் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அந்த ஸ்க்ரூ டிரைவரை வைகையில் எறியலாம் போல இருந்தது. அப்போது பாய் ஒரு விரலைத் தூக்கி, பேசாதீர்கள் என்று சைகை காட்டினார். தலையைச் சாய்த்து எதையோ கவனித்துக்கொண்டிருந்தார். பிறகு மேலே கைகாட்டி, "ஃபேன்ல பேரிங் போயிருச்சு, மாத்திருங்க" என்றார்.

செல்வி கைதட்டியே விட்டார். நூர்ஜஹான் மஸ்கட்டுக்குப் போன் போட்டு, பாயின் இடது காதில் வைத்தார். பழக்கதோஷம், அந்தப் பக்கமிருந்து ஆயிஷா "அத்தா! நல்லா இருக்கீகளா!" என்று அலறியது அறை முழுக்கக் கேட்டது. பாய் துள்ளிப் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். மறுபடி மெல்லக் காதில் வைத்து, "கத்தாதம்மா, அத்தாவுக்குக் கேக்குது" என்றார்.

அதற்குப் பிறகு ஆயிஷா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அழுகைதான் வந்தது, பக்கத்தில் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது. பாயின் கன்னத்திலும் வழிந்தது, என் கண்ணும் சரியில்லை. மகளை நன்றாக அழவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர், தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"நூரு, இனிமே டீக்கு ரெண்டு கரண்டி சீனி போடணுமாம், உன் மக சொல்றா."

காதைத் திறந்துவிடுவது வரைக்கும்தான் கிளினிக்கின் பொறுப்பு, அதன் பிறகு அந்த வீட்டில் யார் யாருக்கு எதை மொழிபெயர்ப்பார்கள் என்பதற்கு நாங்கள் உத்தரவாதம் தருவதில்லை.