எரிமலைக் கல்லை ஊறப்போட்ட கதை

என் தாய்மாமா ஒரு பயந்தாங்கொள்ளி. ஐம்பது வருடம் கழித்துத் தைரியம் வந்து இதைச் சொல்லவில்லை. அன்றைக்கே பள்ளிக்கூட வாசலில் வைத்து அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அதற்கு அம்மாவிடம் வாங்கிய அடியும் நினைவிருக்கிறது.

எழுபதுகளின் நடுவில், நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்திருந்த நேரம். மாமா அம்மாவுக்குத் தம்பி, சரக்குக் கப்பலில் வேலை. அந்தத் தடவை விடுப்பில் வந்தவர் பெட்டியைத் திறந்து அக்காவுக்கு நைலான் ரிப்பன், தம்பிக்குச் சாவி கொடுத்தால் ஓடும் கார், அம்மாவுக்கு டார்ச் லைட் என்று எடுத்து வைத்தார். எனக்கு ஒரு கல். தேங்காய் அளவு, சாம்பல் நிறம், உடம்பெல்லாம் ஓட்டை.

"எனக்கு மட்டும் கல்லா?" என்று கத்தினேன்.

"ஏளா, அழாத. அத அந்த வாளியில போடு."

போட்டேன். மிதந்தது.

எங்கள் கடற்கரையில் கல்லுக்கு மூழ்குவதுதான் வேலை. கயிற்றில் கட்டினால் நங்கூரம். வலையில் கட்டினால் வலையைக் கீழே இறக்கும். முத்துக் குளித்த காலத்தில் ஆளையே அடிக்கு இழுத்துக்கொண்டு போனதும் கல்தான். அதனால் வள்ளம் வைத்திருந்த என் அப்பா வாளியை இரண்டு தடவை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மாப்ளே, இது கல்லில்லலே, காஞ்ச பன்னு" என்றார்.

மாமா கதையைச் சொன்னார். ஜப்பானுக்குத் தெற்கே ஒரு நாள் முழுக்கக் கப்பல் இந்தக் கற்களுக்குள்ளேயே போயிருக்கிறது. தண்ணீரே கண்ணில் படவில்லையாம். கப்பலின் பக்கவாட்டில் அரிசி களைவது மாதிரிச் சத்தம். எஞ்சினுக்குக் கடல்தண்ணீர் இழுக்கும் குழாய் அடைத்துக்கொள்ள, நிறுத்தி நிறுத்திச் சுத்தம் செய்தார்களாம். கடலுக்கு அடியில் ஒரு எரிமலை. அது வெடித்துக் கக்கிய குழம்பு நுரைத்து, நுரைத்தபடியே இறுகியதுதான் இந்தக் கல். உள்ளே பாதிக்கு மேல் காற்று.

"இத ஒங்க சயின்ஸ் டீச்சர்ட்ட காட்டுளா. கண்காட்சில வைக்கச் சொல்லு."

எங்கள் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி நடக்கப்போவது நேற்றுவரை கப்பலில் இருந்தவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

டீச்சர் அந்த வருடம்தான் புதிதாக வந்தவர். சின்ன வயது. மாப்பிள்ளையூரணியிலிருந்து பஸ்ஸில் வருவார்; மாமா ஊர் வந்து சேர்ந்ததும் அதே பஸ்ஸில்தான். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு சீட்டில், 'இந்த எரிமலை இதுவரை எத்தனை முறை வெடித்தது?' என்று எழுதி மாமாவிடம் கொடுக்கச் சொன்னார்.

மாமா மூன்று முறை என்று எழுதினார். ஒவ்வொரு முறையும் மலை கடலுக்கு மேலே தலையை நீட்டித் தீவாகுமாம். எவனாவது போய்க் கொடி நடுவானாம். கொடியின் சாயம் போவதற்குள் அலை தீவைத் தின்றுவிடுமாம். இதெல்லாம் கப்பலின் ரேடியோ ஆபீசர் சொன்னது.

மறுநாள் டீச்சரிடமிருந்து சீட்டு: 'அதற்கு முன்பு?'

இரண்டு வாரம் இப்படியே போனது. மூன்று ஐந்தாகி, ஐந்து ஒன்பதாகி, கேள்வி வர வர எரிமலையும் வெடித்துக்கொண்டே இருந்தது. முதலில் ஒரு வரியில் முடிந்த வெடிப்பு, பிறகு இரண்டு முழுத் தாள் ஆனது. சீட்டைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி அனுப்ப ஆரம்பித்தார்கள். எரிமலையைப் பற்றித்தானே என்று நான் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. எல்லாம் என் ஜியாமெட்ரி பாக்ஸில் போய்வந்தன.

ஒன்பது வெடிப்பையும் சார்ட்டில் வரைந்து சிவப்பு மை பூசினேன். ஆறாம் வகுப்பில் எனக்கு முதல் பரிசு என்று முடிவே செய்திருந்தேன்.

இனி என் தப்பு. அப்பாவின் வள்ளம் பழுது பார்க்கக் கரையேறினால் பலகை காய்ந்து விலகிவிடும். மறுபடி கடலில் இறக்கும் முன் கல்லை ஏற்றி ஆழமில்லாத தண்ணீரில் சில நாள் முக்கி வைப்பார்கள். பலகை ஊறி உப்பி இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். ஊறாத வள்ளத்தை நம்பி யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். மிதக்கிற எதுவுமே ஊறினால்தான் நன்றாக மிதக்கும் என்று நான் நினைத்ததில் என்ன குற்றம்? தேவையில்லாமல் செய்யவும் இல்லை. கேட்டுத்தான் செய்தேன்.

"மாமா, கல்ல ஊறப் போடட்டா?"

மாமா ஜன்னலோரம் நின்று டீச்சரின் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"போடுளா, போடு."

தொட்டியில் போட்டு, மேலே வராமல் இருக்க அப்பாவின் பழைய நங்கூரக் கல்லை அதன் தலையில் ஏற்றினேன். எட்டு நாள்.

கண்காட்சிக்கு மாமா இஸ்திரி போட்ட சட்டையில், பவுடர் பூசி வந்தார். என் மேசையைச் சுற்றி நல்ல கூட்டம். பக்கத்தில் டீச்சர். "கடலடி எரிமலை கக்கின கல்லு! பாருங்க, மிதக்கும்!" என்று கத்திக் கண்ணாடித் தொட்டியில் விட்டேன்.

நேரே கீழே போய் 'டொக்' என்று உட்கார்ந்தது. நாலு குமிழி வந்தது.

"எங்க வீட்டு அம்மியும் இப்படித்தான்ளா மிதக்கும்" என்றாள் ஒருத்தி. மேசையே குலுங்குகிற மாதிரிச் சிரிப்பு.

நான் மாமாவைப் பார்த்தேன். டீச்சரும் பார்த்தார். "நீங்கதான் சொன்னீங்களா, கல்லு மிதக்கும்னு?" என்று கேட்டார்.

மாமா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "இல்ல டீச்சர், பிள்ள ஏதோ தப்பா விளங்கிக்கிட்டா."

அதற்கப்புறம் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை என் பெயர் 'மிதக்குங்கல்லு'. பொய்க்காரி என்று அதற்குப் பொருள்.

கல்லை டீச்சர் எடுத்துக்கொண்டார். அடுத்த விடுப்பில் மாமாவுக்கும் டீச்சருக்கும் மாதா கோயிலில் கல்யாணம். புதுக் கவுன் போட்டு நான்தான் பூக்கூடை தூக்கினேன். கோபத்தோடு தூக்கினேன் என்று பொய் சொல்லமாட்டேன். டீச்சர் மாமியானதில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

கொஞ்ச நாள் கழித்து அவர்கள் வீட்டுக் குளியலறைக்குள் போனேன். வாளியில் என் கல். ஜம்மென்று மிதந்துகொண்டிருந்தது.

"மாமீ!"

"காஞ்சிட்டுல்லா, இனி மிதக்கும். குதிங்கால் தேய்க்க நல்லாருக்குளா" என்றார் மாமி, வெட்கமே இல்லாமல். மாமா ஓடிவந்து என் கையில் ஒரு பொட்டலம் மக்ரூனைத் திணித்தார். வாங்கித் தின்றேன். வாயும் மூடிக்கொண்டது.

கண்காட்சியில் நான் தொட்டியின் அடியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தபோது, அந்த இரண்டு பேரும் கல்லைப் பார்க்கவே இல்லை. ஒன்பது வெடிப்பையும் மாமாவின் கையெழுத்திலேயே பையில் வைத்துக்கொண்டுதான் டீச்சர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அதைக் கேட்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்குகிறவர்களும் அப்படித்தான் கடிப்பார்கள் என்பது பதினொரு வயதில் எனக்குத் தெரியாது.

மாமா, அடுத்த மாதம் உங்கள் கல்யாணப் பொன்விழா. பூசை முடிந்து விருந்தில் உங்கள் கையில் மைக் கொடுப்பார்கள். நீங்களும் கண் கலங்கி ஏதாவது பேசுவீர்கள். அதெல்லாம் அப்புறம். கல்லை மாமி கொண்டுவரட்டும், வாளி நான் கொண்டுவருகிறேன். அந்த ஒன்பதில் மலை வெடித்தது எத்தனை, நீங்கள் வெடித்தது எத்தனை என்று மாமியிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியது ஒரே பதில். அன்றைக்குச் சிரித்தவர்களில் நாலைந்து பேரையாவது முன்வரிசையில் உட்கார வைத்திருப்பேன். அவர்கள் காதில் விழும்படி மைக்கில் சொல்லுங்கள்: கல் மிதக்கும் என்று சொன்னீர்களா, இல்லையா?