ராத்தா கேட்ட குசினி

இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்டதெல்லாம் கிடைத்தே கெட்டுப்போனார்கள் என்று நாலு பேர் கூடிக் கதைக்கத் தொடங்கினால் நான் வாயைத் திறப்பதில்லை. போன வாரம் என் வீட்டு முற்றத்திலேயே அந்தப் பேச்சு எழுந்தது, அதுவும் என் மகளைப் பற்றி. தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் குடும்பமே கூடி நின்று என் ராத்தாவை, என் அக்காவைப் பார்த்து இதையேதான் சொன்னது.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு அவளுக்கு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். பெற்றவர்கள் பாயையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு வீட்டு வளவின் பின்பக்கம் போய்விடுவார்கள். வாப்பாவும் சமையல் குசினிக்குப் பக்கத்தில் தென்னங்கிடுகால் ஒரு கொட்டில் போட்டுக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். உம்மாவுக்கோ இழுப்பு. மாரிமழை பிறந்துவிட்டால் படுக்க முடியாது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குவாள். "எங்க ரெண்டு பேருக்கும் என்ன, மாளிகையா வேணும்?" என்று வாப்பா சிரித்து மழுப்பிவிட்டார்.

மாப்பிள்ளை பேசி முடித்த கையோடு ராத்தா தன் கோரிக்கையை வைத்தாள். முன் விறாந்தைக்கு மாபிள் போட வாப்பா ஆசைப்பட்டிருந்தார். அது வேண்டாமாம். பழைய குசினியை இடித்துக் கல்லால் கட்ட வேண்டுமாம். ஓட்டுக் கூரை, சிவப்புச் சீமெந்துத் தரை, கடல் பக்கம் பார்த்த பெரிய ஜன்னல்கள், மேலே ஃபேன். அதோடு ஒட்டினாற்போல ஒரு கக்கூஸ்.

"குசினிக்குப் பக்கத்தில கக்கூஸா? தௌபா!" என்று மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமாவுக்குக் கிண்டல் தாங்கவில்லை. "ஏன் மருமகள், கறிக்கு வேர்க்குமெண்டா ஃபேன் கேக்காய்?" என்றதும் வீடே சிரித்தது.

ராத்தா சிரிக்கவில்லை. "புகைக்குள்ள இருந்து சமைக்க எனக்கு ஏலா. குசினி முடியாம கல்யாணக் காவின் எழுத நான் சம்மதிக்க மாட்டன்" என்றாள்.

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. வாப்பாவின் முகத்துக்கு நேரே ஒரு பெண் அப்படிக் கதைத்து நான் கண்டதே இல்லை. கதவுக்குப் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எனக்குப் பயமாகவும் இருந்தது, அவள் என் ராத்தா என்று பெருமையாகவும் இருந்தது.

கல்யாணம் பெரும்போக நெல் வெட்டு முடியும்வரை தள்ளிப்போனது. மாப்பிள்ளையின் உம்மா வந்து, "முன் விறாந்தை பூசாமக் கிடக்க, குசினிக்கா இவ்வளவு எடுப்பு?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்காமலே போனார். சம்பந்தம் முறிந்துவிடும் என்று ஊரில் கதை கிளம்பியது. உம்மா ராத்தாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். ராத்தா அரிசி புடைப்பதை நிறுத்தவே இல்லை. என்ன நெஞ்சழுத்தம் அவளுக்கு! கடைசியில் வாப்பாதான் இறங்கி வந்தார். "என்ட புள்ள கேட்டு நான் இல்லெண்டு சொன்னதா இரிக்கப்படாது" என்று மேசனைக் கூட்டி வந்தார்.

அந்தக் குசினி எழும்பியதை எப்படிச் சொல்வேன்! ஃபேன் முதன்முதலாகச் சுற்றிய அன்று ஒழுங்கையிலிருந்த பிள்ளைகளெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். கடல் காற்று ஒரு ஜன்னலால் வந்து மற்றதால் போனது. நான் சிவப்புத் தரையில் குப்புறப் படுத்து அதில் என் முகம் தெரிகிறதா என்று பார்த்தேன். என் கல்யாணத்துக்கு இரண்டு ஃபேன் கேட்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. விருந்தாளிகள் போன மறுநாள் காலை ராத்தா, வாப்பா சொன்னபடியே போட்டிருந்த கொட்டிலுக்குள் நுழைந்து, உம்மாவின் பாயையும் வாப்பாவின் தலையணையையும் அள்ளிக்கொண்டு வந்து புதுக் குசினிக்குள் போட்டாள். அடுப்பைத் தூக்கிக் கொட்டிலில் வைத்தாள்.

வாப்பா பதறிப்போய் வந்தார். "என்ன மகள் இது? இது உன்ட குசினி."

"என்ட வளவுதானே வாப்பா? நீங்கதான் எழுதித் தந்தீங்க. இனி இஞ்ச ஆரு எங்க படுக்கிறெண்டு நான்தான் சொல்லுவன்."

கொடுத்த வீட்டில் தகப்பனுக்குச் சொல் இல்லை. அதுதான் எங்கள் ஊர் வழக்கம். வாப்பா கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார். அவருக்குக் கோபம் என்று நினைத்து நான் அந்தப் பக்கமே போகவில்லை.

மாரி வந்தது. ஒரு நாள் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு உம்மா அந்தச் சிவப்புத் தரையில் பாயை விரித்து மல்லாந்து படுத்திருந்தாள். வெளியே மழை கொட்டியது. கொட்டிலில் ராத்தா புகைக்குள் இருமிக்கொண்டே சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"இவ்வளவு அடம் புடிச்சுக் கட்டின குசினில ஒரு நாளாவது சமைச்சாவா, உம்மா? ராத்தாக்குச் செல்லம் கூடிட்டு" என்றேன்.

உம்மா முக்காட்டுத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஓம் மகள். அவளுக்குக் கூடித்தான் போச்சு" என்றாள்.

கடைசியில் உம்மாவும் என் பக்கம் சேர்ந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.