ரிப்பனுக்குக் கீழே கமறியா

கற்பிட்டிச் சந்தையில் மீன் வெட்டுகிற கமறியாவின் இதயம் தாளம் தப்பியபோது யாரும் ரிப்பன் கட்டவில்லை. அதைப் படம் பிடிக்க வந்த இயந்திரத்துக்குத்தான் கட்டியிருந்தார்கள்.

சில மாதங்களாகவே அவள் நெஞ்சுக்குள் வலையில் மாட்டிய மீன்போல ஏதோ துள்ளியது. ஆஸ்பத்திரியில் டொக்டர் நஸ்லியா விளக்கினாள்: இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகிறது, அங்கே இரத்தம் தேங்கி உறைந்தால், அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பாரிசவாதம் வரலாம். உறையாமல் தடுக்கக் குளிசை உண்டு. ஆனால் அதைக் குடித்தால் சின்ன வெட்டுக் காயத்திலும் இரத்தம் லேசில் நிற்காது.

"எனக்கி நாளும் பொழுதும் விரல் வெட்டுப்படுமே, டொக்டர்."

"அதத்தான் நானும் யோசிக்கிறன். உங்களுக்குப் பிரஷர் இல்ல, சீனி இல்ல, வயசும் அறுபது ஆகல்ல. குளிசை தேவைப்படாமலும் இரிக்கலாம். மேலறை வீங்கி இரிக்கா, நல்லாச் சுருங்குதா எண்டு எகோ படத்துல பார்த்தாத்தான் முடிவு சொல்லலாம்."

அந்த எகோ இயந்திரம் பக்கத்து அறையிலேயே நின்றது. வாசலுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். திறந்து வைக்க வேண்டிய அமைச்சருக்கு முதலில் பாராளுமன்றம், பிறகு ஒரு கல்யாணம், அதன் பிறகு நேரம் சரியில்லை என்றார் சோதிடர். நல்ல நேரம் வரும்வரை ஊரில் எவருக்கும் இதயம் கெடக்கூடாது! மக்கள் வரிப்பணத்தில் வந்த பொருளுக்கு ஒருவரின் கத்தரிக்கோல்தான் எசமான்.

இதற்கிடையில், பக்கத்துப் பலகையில் மீன் வெட்டிய ஜுனைதா வாய் கோணி விழுந்தாள். அவளுக்கும் இதே வியாதி. கத்தி பிடித்த கை இனி அசையாது என்றார்கள். கமறியா உடுப்பில் ஒட்டிய செதிலோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"ரிப்பன வெட்டுங்கோ, தம்பி."

எகோ படம் எடுக்கும் அஃப்ராஸ் பதறினான். "அதத் தொட்டா என்ன எலுவன்குளத்துக்கு மாத்திருவாங்க, மாமி. அங்க நான் யானைக்குத்தான் எகோ எடுக்கணும்."

"அப்ப வெட்ட வாணாம். நான் கீழால வாறன்."

முழங்காலில் தவழ்ந்து உள்ளே போனாள். வெள்ளைக் கோட்டைச் சுருட்டிக்கொண்டு டொக்டரும் பின்னால் தவழ்ந்தாள். அஃப்ராஸ் கடைசியாக. ரிப்பனுக்கு ஒரு சேதமும் இல்லை.

திரையில் மேலறை ஊதிப் பெருத்து, சோம்பலாக அசைந்தது.

"இண்டைக்கே குளிசை தொடங்குவம்," என்றாள் டொக்டர்.

"என்ட விரல்?"

"தடிச்ச கையுறை போடுங்கோ. பாரிசவாதத்துக்குக் கையுறை இல்ல."

செய்தி பரவியது. வண்ணாத்திவில்லிலிருந்தும் ஆட்கள் தவழ வந்தார்கள். உச்சமுனையிலிருந்து படகில் வந்த ஒருவர், வீட்டிலேயே பழகிவிட்டு வந்தார்.

ஒருவழியாக அமைச்சரும் வந்தார். ரிப்பன் வெட்டினார், கைதட்டல் எழுந்தது. நிர்வாகம் "முதல் நோயாளி" என்று கமறியாவை அழைத்து நிறுத்தியது.

"புது மெஷின். பயமா இருக்கா, உம்மா?" என்று கமெராவைப் பார்த்தபடி கேட்டார் அமைச்சர்.

"பயமில்ல, சேர். நடந்து வந்துதான் பழக்கமில்ல."

அஃப்ராஸுக்கு இருமல் வந்தது. கமறியா சந்தைக்குத் திரும்பினாள். இடக்கையில் கையுறை, வலக்கையில் கத்தி. இரண்டு கையும் வேலை செய்தன.