ஆடித் தள்ளுபடியில் வந்த பிளாஸ்மா

பிளாஸ்மா டிவியின் கண்ணாடிக்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டினால் சூடு தெரியும், சோறு வடித்து இறக்கிய அடுப்பின் பக்கத்தில் நிற்பது போல. சுவரில் காலண்டர் மாதிரி தொங்குகிற மெல்லிய டிவிகளைப் பார்த்து வளரும் இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு முன்னறையில் அந்தச் சூடு பல வருடம் இருந்தது. அந்த டிவி வீட்டுக்குள் வந்ததே நான் சொன்ன ஒரு பொய்யால்தான்.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் "செக்கிங்" வேலை பார்த்தார். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். எங்காவது ஓர் இழை விட்டுப்போயிருந்தால், ஒரு முடிச்சு விழுந்திருந்தால், அவர் விரல் சரியாக அங்கே போய் நிற்கும். புண்ணில் வைத்துக் கட்டுகிற துணி, அதில் பழுது விடலாமா என்பார். அந்தப் புத்தி கம்பெனியோடு நிற்கவில்லை. துண்டு வாங்கப் போனாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். என் பள்ளிச் சீருடைத் துணிக்கு நாலு கடை ஏறி இறங்குவார். "பிடிக்கலைன்னா வெறுங்கையோட வாரதுல என்ன கேவலம்" என்று அடிக்கடி சொல்வார். அந்தக் கேவலம் கூடப் போகிற பிள்ளைக்குத்தான் தெரியும்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் பழைய "பெட்டி டிவி"யில் படம் சுருங்கிச் சுருங்கி, நடுவில் ஒரு வெள்ளைக் கோடாக நின்றுபோய் மூன்று மாதம் ஆகியிருந்தது. சாயங்காலமானால் எதிர்வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன். ஒருநாள் அந்த வீட்டு அத்தை, சாப்பிடுகிற நேரமாகிவிட்டது, போய்ப் படி என்று அனுப்பிவிட்டு, நான் வாசற்படி இறங்குவதற்குள் கதவைச் சாத்தினாள். உள்ளே டிவிச் சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. நாடகத்தின் மீதியைத் தெருவில் நின்று காதால் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, ஆடிப்பூரத் தேருக்குள் டிவி வாங்கவில்லையென்றால் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதேன். ஆடியில் யாராவது புதுச்சாமான் வாங்குவார்களா என்றாள் அம்மா. ஆண்டாள் பிறந்த மாசம், நம்ம ஊருக்கு அதைவிட நல்ல மாசம் எது என்று அப்பா அவள் வாயை அடைத்தார். கடைகளில் ஆடித் தள்ளுபடி ஓடிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் பஸ் ஏறி ராஜபாளையம் போனோம். முதல் கடையில் எந்த டிவியைக் காட்டினாலும் படம் மங்கல் என்றார். இரண்டாவது கடையிலும் அதே மங்கல்தான். எனக்கோ எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. வழக்கமான நொட்டைச் சொல் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். மூன்றாவது கடையில், சுவரை அடைத்துக்கொண்டு நின்றது அந்தப் பிளாஸ்மா. ஒரு வருடமாகக் கடையில் பார்வைக்கு ஓடிய "டிஸ்ப்ளே பீஸ்", அதனால் பாதி விலைதான் அண்ணாச்சி என்றார் சேல்ஸ்மேன். அப்பா முகம் முதல்முறையாக மலர்ந்தது.

துணியைப் பார்ப்பது போலவே டிவியையும் பார்த்தார். மூக்கு கண்ணாடியில் இடிக்காத குறையாகக் குனிந்து மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை தலையை நகர்த்திக்கொண்டே போனார். அப்போது ஒரு சோப்பு விளம்பரம் வந்து திரை முழுக்க வெள்ளையானது. அதன் அடிப்பகுதியில், துவைத்தும் போகாத மைக்கறை மாதிரி, எழுத்துகள் தெரிந்தன: "முக்கியச் செய்திகள்". ஒரு வருடமாக ஒரே செய்திச் சேனலை ஓடவிட்டதில் அந்தப் பட்டை திரையில் அப்படியே பதிந்துபோயிருந்தது. சேல்ஸ்மேன் கூரையைப் பார்த்தார். அப்பாவின் மூக்கு அந்த எழுத்துகளின் மேலேயே இருந்தது. இதோ நிமிர்ந்துவிடுவார், இதோ செருப்பைத் தேடுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் நிமிர்ந்து, "சுத்தமா இருக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு ஏதும் தெரியுதா பாப்பா?"

அப்பா அதுவரை எந்தப் பொருளைப் பற்றியும் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. அது எனக்கு உறைக்கவில்லை. தெரிகிறது என்றால் வெறுங்கையோடு பஸ் ஏற வேண்டும், மறுபடி சாத்திய கதவுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது மட்டும் உறைத்தது.

"ஒண்ணும் இல்லப்பா" என்றேன்.

தேரன்று அம்மாவால் முட்டுவலியோடு கூட்டத்துக்குள் போக முடியாததால், மூன்று பேரும் வீட்டிலேயே உட்கார்ந்து உள்ளூர் கேபிளில் தேர் பார்த்தோம். தெருக்கோடியில் கேட்கும் கொட்டுச் சத்தம் டிவிக்குள்ளிருந்தும் கேட்டது. வடம் பிடிக்கிறவர்களின் வெள்ளை வேட்டிகள் திரையை நிறைத்தபோது அடியில் அந்த எழுத்துகள் தெரிந்தன. அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அப்பா திரைக்கு ஒரு முழத் தூரத்தில் நாற்காலி போட்டு, பார்த்தியா, ஒரு இழை பழுது கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அடுப்படிக்கு என்னைக் கூப்பிட்டு, கடையில் நீ பார்க்கவில்லையா என்று கேட்டாள். அப்பாதான் குனிந்து குனிந்து பார்த்தார் என்றேன். அது பொய் இல்லை என்பதுதான் அதன் கேடு. அம்மா முன்னறையை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏட்டி, அவியகிட்ட மூச்சு விட்டுறாத. கண்ணு சரியில்லைன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சா பொறவு என்ன செய்ய?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த எழுத்துகளை இரண்டு பேர் பார்த்தோம், இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்தோம். மாதங்கள் போயின. அப்பா பார்த்து அனுப்பிய துணி, இழை விட்டிருக்கிறது என்று ஒரு தடவை திரும்பி வந்தது. பிறகு இன்னொரு தடவை. அவரைச் செக்கிங் மேசையிலிருந்து எடுத்து "பேக்கிங்" பக்கம் போட்டார்கள். அதன் பிறகுதான் மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருக்கிறது, போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர். ஒரு ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். அது தை மாதம். பெஞ்சில் உட்கார்ந்து விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணினேன். மார்கழி, கார்த்திகை, ஐப்பசி, புரட்டாசி, ஆவணி. ஆறாவது விரலில் ஆடி வந்து நின்றது. விரலை மடக்கிக்கொண்டேன்.

சொட்டுமருந்தால் சில வருடம் ஓடியது. இப்போது அப்பாவுக்கு வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். காலையில் பேப்பரை நான் வாசிக்க, அவர் கேட்பார்.

போன மாதம் பழையதைக் கொடுத்துப் புது டிவி எடுத்தோம். பழையதைத் தூக்க வந்தவர் போட்டுப் பார்த்துவிட்டு, அடியில் "முக்கியச் செய்திகள்"னு எழுத்தே பதிஞ்சு கெடக்கே அண்ணாச்சி, வாங்கும்போதே இருந்திருக்குமே என்று சத்தமாகச் சொன்னார். வண்டி போன பிறகு அப்பா கேட்டார்.

"கடையில வச்சே அது உனக்குத் தெரிஞ்சுச்சா பாப்பா?"

"இல்லப்பா."

"அதான. தெரிஞ்சிருந்தா நீ சொல்லாம இருப்பியா" என்றார்.

பிளாஸ்மா டிவி இப்போது எந்தக் கடையிலும் கிடையாது. எங்கள் புது டிவி சூடாவதும் இல்லை. சாயங்காலம் அப்பா பழக்கத்தில் எழுந்துபோய்த் திரைக்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டி, சூட்டைக் காணாமல், "ஓடுதா?" என்று கேட்கிறார். ஓடுகிறது என்கிறேன். நான் சொல்வதை நம்பித் திரும்பி வந்து உட்கார்கிறார். நான் எழுதி அச்சில் வருகிற எதையும் அவருக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். இது வந்ததும் கேட்பார். ஒரு வரி விடாமல் வாசிக்க வேண்டும்.