அண்ணியின் ஆலாக்கள், நாத்தனாரின் மீன்கள்

ஆற்றுப் படுகைத் திட்ட அலுவலகத்தில் எல்லாரும் அவளை மீனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மீன் பிரிவுக்குப் பொறுப்பு. உட்கார்ந்தால் மீன், எழுந்தால் மீன். ஈர வலை நாறும் அறை அவளுடையது. சுவருக்கு அந்தப் பக்கம் பறவைப் பிரிவு. அதற்குப் பொறுப்பு அவளுடைய சொந்த நாத்தனார். ஊரில் வேறு பறவை நிபுணரே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

இருவருக்கும் சண்டை ஒரு மதகைப் பற்றித்தான். அணையின் பெரிய மதகைச் சீக்கிரம் திறந்தால் கீழே காத்திருக்கும் சினை மீன்கள் மீன்கள் அணையைத் தாண்டக் கட்டிய மீன் படி வழியாக மேலே ஏறி முட்டையிடும். ஆனால் நடு ஆற்று மணல்திட்டில் தரையிலேயே கூடு வைக்கும் ஆலாப் பறவைகளின் குஞ்சுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். தாமதமாகத் திறந்தால் குஞ்சுகள் பிழைக்கும், மீன்களின் சினை வீணாகும். வருஷாவருஷம் ஆளுக்கொரு திட்டம் போட்டு ஒருவர் காலை ஒருவர் வாரினார்கள். மீனக்காவின் கணவர் பாடு மத்தளத்தின் பாடு, இரண்டு பக்கமும் இடி. பெண்டாட்டிக்கும் தங்கைக்கும் நடுவில் தட்டைவிட்டுத் தலை நிமிராமல் சாப்பிடப் பழகிவிட்டார் மனிதர்.

இந்த வருஷம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: மீன், பறவை, கரைக்காடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே திட்டம். தலைமை அதிகாரி தம் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தார்.

"திட்டம் எழுதறதுக்கு முன்னாடி நீங்க பறவையைக் கணக்கெடுங்க, உங்க நாத்தனார் மீனைக் கணக்கெடுக்கட்டும். ஒரு பருவம் பூரா."

மீனக்கா முணுமுணுத்துக்கொண்டே போய் நாணல் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். முதலில் அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் திருடர்கள்தான். ஆலா அலகில் மீனோடு வந்தால், "அடிப்பாவி, அது என் மீன்!" என்பாள். பிறகு ஒரு ஜோடி கண்ணில் பட்டது. எல்லாரும் மேட்டில் கூடு வைத்திருக்க, கடைசியாக வந்து தண்ணீர் ஓரத்தில் முட்டையிட்ட ஜோடி.

"மேல அவ்வளவு இடம் கிடக்கு, இங்க வந்து குந்தியிருக்கியே, மக்கு!"

திட்டியவள்தான் மறுநாள் வந்ததும் முதலில் அந்தக் கூட்டைத் தேடினாள். வெயில் ஏறியதும் தாய் ஆற்றில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, முட்டைகளின் சூடு தணிய அவற்றின்மேல் உட்கார்ந்தது. அதைப் பார்த்த அன்றே மீனக்கா கட்சி மாறிவிட்டாள். வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை.

அணைக்குக் கீழே நாத்தனார் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அடைத்த மதகில் முட்டி முட்டித் திரும்பும் சினை மீன்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தன்று தலைமை அதிகாரி புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். சமாதானம் ஆகிவிடும் என்ற நம்பிக்கை.

"பெரிய மதகை இப்பத் திறக்கக் கூடாது சார், குஞ்சுங்க போயிடும்" என்றாள் மீனக்கா.

"இன்னைக்கே திறக்கணும் சார், மீனுங்க தவிக்குது" என்றாள் நாத்தனார்.

அதிகாரி தலையில் கை வைத்தார். "போன வருஷம் இதையே மாத்தித்தானே சொன்னீங்க ரெண்டு பேரும்!"

"போன வருஷம் எனக்கு விவரம் பத்தலை சார்" என்றாள் மீனக்கா, கொஞ்சமும் கூசாமல். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மீன் படி பக்கத்துல சின்ன மதகு ஒண்ணு இருக்கு. அதை மட்டும் திறந்தா திட்டு முழுகாது. மீனும் ஏறும், ஆனா பாதிதான்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அண்ணி?"

"தெரியும்டி. பாதி மீன் எதுக்குன்னு வாயை மூடிக்கிட்டேன்."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கும் தெரியும் அண்ணி. திட்டோட ஓரம் நனையுமேன்னு நானும் சொல்லலை. ஓரத்துல கூடு இருந்தா போயிடும்."

மீனக்காவின் முகம் வாடியது. "அதைத் தூக்கி மேட்டுல வெச்சா?"

"கூடு இடம் மாறினா தாய் கண்டுபிடிக்காது அண்ணி. விட்டுட்டுப் போயிடும்."

சின்ன மதகு என்று எழுதிய திட்டத்தை மீனக்கா தன் பக்கம் இழுத்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

சின்ன மதகின் சக்கரம் துருப்பிடித்திருந்தது. அண்ணியும் நாத்தனாரும் ஒரே சக்கரத்தைச் சேர்ந்து பிடித்து ஒரே பக்கமாகச் சுற்றியதை மீனக்காவின் கணவர் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். தண்ணீர் இறங்கி ஓடியது. சற்று நேரத்தில் மீன் படியில் முதல் மீன் துள்ளி ஏறியது.

"அண்ணி, உங்க மீன்! ஏறிடுச்சு பாருங்க!" என்று நாத்தனார் கத்தினாள்.

மீனக்கா திரும்பவில்லை. மணல்திட்டின் ஓரத்தில் ஓர் ஆலா எழுவதும் உட்கார்வதுமாக இருந்தது. நான்கு வருஷமாக எந்த மீனுக்காகச் சண்டை போட்டாளோ, அது முதுகுக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தது.

"அது உன் மீன்டி" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என்னோடது அங்க நனையுது."