தெரேசா ஆன்ட்டியின் விளக்குக்கு எண்ணெய்

தெரேசா ஆன்ட்டி இறந்துவிட்டார். எங்கள் மாடி அறையில் சில வருடமாக வாடகைக்கு இருந்த போர்ச்சுகல் ஆன்ட்டி. சிகிச்சைக்கு ஊருக்குப் போனவர்... அவ்வளவுதான். அவருடைய அண்ணன் அனுப்பிய மெசேஜை அப்பாவுக்கு நான்தான் படித்துச் சொன்னேன்.

எல்லோரும் தூங்குகிறார்கள். போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். அப்பா ஃபேஸ்புக்கில் இல்லை. அவரைத் தெரிந்தவர்கள் இருந்தால்... ப்ளீஸ், இன்றைக்கு மட்டும் படிக்காதீர்கள்.

எங்கள் மாடிப்படியில் ஒரு போர்டு உண்டு. ‘மது, மாமிசம், முட்டை கூடாது.’ முட்டை ஓடு கிடக்கிறதா என்று ஆன்ட்டியின் குப்பைக் கூடையைக்கூட அப்பா எட்டிப் பார்ப்பார். ஒயின் அவர் நினைப்பிலேயே இல்லை.

ஆன்ட்டி குடிகாரர் இல்லை. அவர் குடும்பத்துக்குத் திராட்சைத் தோட்டம். அண்ணன் தோட்டத்தில் சிவப்பு ஒயின், சித்தப்பா தோட்டத்தில் வெள்ளை. நடுவில் ஒரு வேலித் தகராறு, பேச்சுவார்த்தை கிடையாது. அந்த வருடம் யாருடையது நன்றாக வந்திருக்கிறது என்று ஆன்ட்டி தீர்ப்பு சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வருகிறவர்கள் லேபிள் ஒட்டாத பாட்டில்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

சொந்தக்காரர்களுக்குத் தானே எப்படித் தீர்ப்பு சொல்வது என்று, தெருமுனை ஆட்டோ ஏழுமலை அண்ணனை ஆன்ட்டி நீதிபதியாக்கிவிட்டார். ஞாயிறு காலை அப்பாவும் அம்மாவும் கிரிவலம் கிளம்பியதும் மாடியில் கோர்ட் கூடும்.

நான் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. ஆன்ட்டி விடவும் மாட்டார். இங்கிலீஷைத் தமிழாக்குவதும் தமிழை இங்கிலீஷாக்குவதும்தான் என் வேலை.

முதல் நாள் ஏழுமலை அண்ணன் ஊறுகாய் பாக்கெட்டோடு வந்தார். ஒரே மடக்கில் குடிக்கப் போனவரின் கையை ஆன்ட்டி பிடித்துக்கொண்டார். மோந்து பார்க்க வேண்டும், வாயில் சுழற்ற வேண்டும், பிறகு சொம்பில் துப்ப வேண்டும்.

"துப்பணுமா? ஏம் பாப்பா, பிளேன் ஏறி வந்ததப் போயி துப்பச் சொல்றாங்களே, நல்லா கேட்டியா?"

"நீங்க வண்டி ஓட்டணுமாம்ணா."

அண்ணன் துப்பினார். கண் கலங்கியிருந்தது.

சிவப்பைப் பற்றி ரொம்ப நேரம் யோசித்தார். "நாவப்பழம் துன்னா நாக்கப் புடிச்சி இழுக்கும் பாரு... அது." வெள்ளைக்கு, "மாங்கா அறுக்கும்போதே வாயில தண்ணி ஊறும்ல? புளிப்பு கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா இதான் ஜோர்."

ஆன்ட்டி அதை அப்படியே ஊருக்கு எழுதினார். ஆன்ட்டியின் அண்ணன் நாவல்பழத்துக்கு போட்டோ கேட்டார். சித்தப்பா, ஏழுமலை அண்ணனுக்கு ஒரு தொப்பி அனுப்பினார்.

ஒரு ஞாயிறு அம்மாவுக்குக் கால் வலி, பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். ஆன்ட்டி கொடுத்த அரை பாட்டில் வெள்ளை ஒயினோடு படி இறங்கிய ஏழுமலை அண்ணன், நேராக அப்பாவிடம் மாட்டினார்.

"என்னாப்பா அது?"

"எண்ணெய் சார். போர்ச்சுகல் எண்ணெய்."

"எதுக்கு?"

"வெளக்குக்கு சார். அந்தம்மா தெனம் வெளக்கு ஏத்துறாங்க."

"அப்ப நீ எங்க தூக்கினு போற?"

"மேலதான் சார்." அண்ணன் அப்படியே திரும்பி மேலே ஏறினார். பரணில் வைத்தவர், அப்புறம் அதை இறக்கவே பயந்துவிட்டார்.

அன்றிலிருந்து அப்பா தெரு முழுக்கச் சொல்வார். "ஊர்லேந்து எண்ணெய் வரவழைச்சி வெளக்கு ஏத்துறாங்கப்பா அந்தம்மா. நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்குதே, தீப்பெட்டி எங்கன்னு கேக்குது."

இன்று மெசேஜைக் கேட்டு அப்பா அழுதார். பிறகு மாடிக்குப் போய், அந்த பாட்டிலை எடுத்துவந்து பூஜை அறையில் வைத்தார்.

"காலைல கோயில்ல மோட்ச தீபம் ஏத்தறேன். அவங்க எண்ணெயிலயே எரியட்டும்."

ஒயின் எரியாதே...

எரியாவிட்டால் அப்பா மோந்து பார்ப்பார். அப்புறம் ஆன்ட்டிக்கு விளக்கு கிடையாது. அண்ணனுக்கு எங்கள் தெரு கிடையாது. எனக்கு போன் கிடையாது, பள்ளிக்கூடம் உண்டா என்றும் தெரியாது.

இருங்கள். பூஜை அறைக்குப் போய்விட்டு வருகிறேன்.

...

வந்துவிட்டேன்.

கார்க்கைப் பிடுங்கினால் மாங்காய் வாசனை இல்லை. கெட்டுப்போய், ஊறுகாய் ஜாடி மாதிரி ஒரு நெடி. வாஷ்பேசினில் கொட்டி, பாட்டிலைக் கழுவி, அம்மாவின் நல்லெண்ணெயை ஊற்றிவிட்டேன். உள்ளே கொஞ்சம் ஈரம் இருக்கிறது. எண்ணெய் கேன் ஏன் குறைந்தது என்று அம்மா கேட்டால் பூனை என்று சொல்லலாமா...

ஏழுமலை அண்ணா, காலையில் அப்பாவைக் கோயிலுக்கு நீங்கள்தான் கூட்டிப்போகிறீர்கள். பாட்டிலைப் பார்த்து முழிக்காதீர்கள். இப்போது அது நிஜமாகவே எண்ணெய். அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

தெரேசா ஆன்ட்டி... காலையில் உங்கள் விளக்கு எரியும். ஈரத்துக்குக் கொஞ்சம் படபடவென்று வெடிக்கும், பயந்துவிடாதீர்கள்.

போய் வாருங்கள்.