அன்செல்மோ திரும்பிப் பார்த்த பார்வை

பிராங்ஸில் குடியேறிய எங்கள் தீவு ஆட்கள் ஒரு வாத்தியக்காரனை எதற்கும் மன்னித்துவிடுவார்கள். குடித்துவிட்டு வந்தால் முகத்தைக் கழுவி மேடையில் ஏற்றுவார்கள். அடுத்தவன் பெண்டாட்டியோடு ஓடிப்போனால் ஒரு வருடம் திட்டித் தீர்த்துவிட்டு மறுபடியும் கல்யாணத்துக்கு வாசிக்கக் கூப்பிடுவார்கள். கிளாவேயைத் தவறவிட்டவனுக்கு மட்டும் இரக்கம் கிடையாது. அவன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே அதைப் பேசுவார்கள்.

கிளாவே என்பது மொத்தமே ஐந்து தாள அடி. ஒரு பாதியில் மூன்று, மறு பாதியில் இரண்டு. பாட்டு தொடங்கியதிலிருந்து முடியும்வரை அது மாறாமல் சுற்றிக்கொண்டிருக்கும். யாரும் தட்டாவிட்டாலும் சுற்றும். ஊதுகிறவன், பாடுகிறவன், ஆடுகிறவளின் கால், எல்லாம் அதன்மேல்தான் உட்கார வேண்டும். மூன்றில் நுழைய வேண்டியவன் இரண்டில் நுழைந்தால் ‘குறுக்கே விழுந்தான்’ என்பார்கள். அந்தப் பேர் ஒருவனுக்கு ஒட்டினால் ஒட்டினதுதான்.

அன்செல்மோ மேசொனெட்டுக்கு அந்தப் பேர் வரும் என்று யாரும் கனவிலும் நினைத்ததில்லை. தீவின் சான்டூர்சே ஊரிலிருந்து தாயின் இடுப்பில் வந்தவன். கெல்லி தெருவில், பன்றிக்கொழுப்பு டின்களைத் தட்டித் தட்டி அண்டைவீட்டார் சாபமெல்லாம் வாங்கி வளர்ந்தவன். இருபது வயதில் டான் ஃபெர்மின் என்ற பியானோக்காரரின் மாம்போ ஆட்டப்பாட்டுக் குழுவில் காங்கா வாசிக்கச் சேர்ந்தான். இடுப்புயர முரசு அது. அவன் கை அதில் விழுந்தால் தாளம் அசையாது, தளராது, ஓடாது. ‘கடிகாரம்’ என்று பேர் வைத்தார்கள்.

அவனுக்குப் பக்கத்தில் பாங்கோ வாசித்தவன் ஒவிடியோ லெப்ரோன். ஒல்லியான ஆள், சிரிப்பு மட்டும் பெரிது. தொடைக்கு நடுவே இடுக்கிய இரட்டை முரசைத் தட்டிக்கொண்டிருப்பான். பாட்டு சூடு பிடித்ததும் அதைக் கீழே வைத்துவிட்டுக் கைமணியை எடுத்து வெளுத்து வாங்குவான். மழை நாட்களில் தோல் தொய்ந்துவிடும். இரண்டு பேரும் மேடைக்குப் பின்னால் சின்ன அடுப்பைக் கொளுத்தி, முரசுகளைக் காய்ச்சிக்கொண்டே ஊர்வம்பு பேசுவார்கள். ஒவிடியோவுக்குப் பெண் பிறந்தபோது அன்செல்மோவையே ஞானத்தந்தையாக நிற்க வைத்தான். அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் ‘கொம்பாய்’. எங்களிடத்தில் கூடப் பிறந்தவனைவிட அது ஒரு படி மேல்.

தலைவனாக வேண்டும் என்ற ஆசை அன்செல்மோவுக்கு எப்படி வந்தது என்றால், சுவரொட்டிகளைப் பார்த்துப் பார்த்து வந்தது. முரசுக்காரன் எப்போதும் பின்வரிசை. பியானோக்காரன் பேர் பெரிய எழுத்தில் இருக்கும், இவன் பேர் இருக்கவே இருக்காது. அதோடு ஜாஸ் பைத்தியமும் பிடித்திருந்தது. தன் காங்காவின்மேல் ஒரு சாக்ஸபோன் அதன் இஷ்டத்துக்குத் திரிய வேண்டும், ஆடுகிறவர்களும் ஆட வேண்டும், கேட்கிறவர்களும் கிறங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். தனிக்குழு ஆரம்பித்தபோது டான் ஃபெர்மினின் நிரந்தர வேலையை உதறிவிட்டு முதல் ஆளாகக் கூட வந்தவன் ஒவிடியோதான்.

“உன் பேரை எவ்வளவு பெருசா வேணும்னாலும் போட்டுக்கோ கொம்பாய். சாப்பாடு மட்டும் நேரத்துக்குப் போட்டுடு” என்றான்.

முதல் நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அரங்கு பிதுங்கியது. அன்செல்மோ காங்காவை மேடையின் முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, வெள்ளைக் கோட்டில், மாப்பிள்ளை மாதிரி நின்றான். இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் தூணோரம் வந்து நின்றதையும் பார்த்துவிட்டான். அங்கேதான் சனி பிடித்தது. சாக்ஸபோன் பையன் உருகி உருகி வாசிக்கிறான். தூணோரம் இருந்தவர் தலையாட்டுகிறார். இவன் இரண்டையும் ரசித்துக்கொண்டு, எண்ண வேண்டியதை எண்ணாமல், டிரம்பெட்டுகளுக்குக் கையைத் தூக்கிவிட்டான். அரைச்சுற்று முன்னாலேயே தூக்கிவிட்டான்.

தலைவன் கை காட்டினால் ஊத வேண்டியதுதான். டிரம்பெட்டுகள் தப்பான பாதியில் நுழைந்தன. ஒவிடியோவின் கைமணி மட்டும் சரியான இடத்தில் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று உராய்ந்தன. நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறவனை ஏமாற்றிவிடலாம், ஆடுகிறவளை முடியாது. ஜோடி ஜோடியாகக் கால்கள் தடுமாறின. பச்சைச் சட்டைக்காரி ஒருத்தி நின்றேவிட்டாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தாள்.

அன்செல்மோ அப்போது திரும்பி ஒவிடியோவைப் பார்த்தான். மெல்லத் தலையை ஆட்டினான். செய்தது அவ்வளவுதான், வாயைக்கூடத் திறக்கவில்லை. அரங்கமே அவன் பார்வை போன இடத்துக்குத் திரும்பியது.

ஒவிடியோ ஒரு கணம் கொம்பாயின் முகத்தைப் பார்த்தான். பிறகு பாட்டைக் காப்பாற்றுவதற்காகத் தன் மணியை அரைச்சுற்று தள்ளி, டிரம்பெட்டுகளோடு சேர்ந்துகொண்டான். உடனே எல்லாம் நேரானது. நேரானதுதான் வினை. தப்பு செய்தவன் தன் தப்பைத் திருத்திக்கொண்ட மாதிரியே இருந்தது. காங்காவின் அடி இரண்டு பாதியிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அன்செல்மோவின் கையை யாரும் சந்தேகப்படவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் டிரம்பெட் வாசித்த டாட்டோ பிடித்துக்கொண்டான். “ஏம்ப்பா ஒவிடியோ, மணியை அடகு வச்சிட்டியா? எங்க போய் நின்ன?”

“கையைப் பார்த்து ஊதினியா, காதால கேட்டு ஊதினியா?” என்றான் ஒவிடியோ.

“கடிகாரம் கை காட்டினா எதுக்குய்யா காது?”

ஒவிடியோ அன்செல்மோவைப் பார்த்தபடி நின்றான். உண்மையைச் சொல்ல அது நல்ல சமயம். ஒரு வார்த்தை போதும். அன்செல்மோ கோட்டைக் கழற்றிக்கொண்டே, “விடுங்கடா. மனுஷன்னா அப்படித்தான். அடுத்த வாட்டி பாத்துக்குவான்” என்றான். மன்னித்துவிட்டான்! செய்ததற்குக்கூட ஏதாவது சமாதானம் சொல்லலாம், இந்த மன்னிப்புக்கு ஒரு சமாதானமும் கிடையாது.

“சரி கொம்பாய்” என்று சொல்லிவிட்டு ஒவிடியோ முரசைத் துணியில் சுற்றிக்கொண்டு போனான்.

அன்செல்மோவின் வீட்டில் மனைவி ப்ரோவி செருப்பைக்கூடக் கழற்றாமல் காத்திருந்தாள். அவளும் அன்று ஆடியவள்தான்.

“மணி சரியாத்தானே இருந்துச்சு?” என்றாள்.

“உனக்கு என்ன தெரியும்?”

“எனக்குத் தெரியாது. என் காலுக்குத் தெரியும். போய்ச் சொல்லிடு.”

“சொல்றேன். முதல்ல இசைத்தட்டு விஷயம் முடியட்டும்.”

இசைத்தட்டு விஷயம் முடிந்தது. நன்றாகவே முடிந்தது. பிறகு சுற்றுப்பயணம் முடியட்டும் என்றான், பிறகு இரண்டாவது தட்டு. குழு நகரத்தின் தெற்கே இருந்த ஜாஸ் விடுதிகளுக்கு ஏறியது. அங்கே யாரும் ஆடுவதில்லை. குடித்தபடி கண்ணை மூடிக் கேட்பார்கள். அன்செல்மோவுக்கு அது ஒருவகையில் நிம்மதியாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை மட்டும் அவன் மறுபடி வாசிக்கவே இல்லை. யாராவது கேட்டால் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பாட்டைத் தொடங்குவான். தன் பேரைப் பெரிய எழுத்தில் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பார்த்தவர்கள் அடக்கம் என்றார்கள்.

ஒவிடியோவை இவன் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஊர்வாய் அனுப்பியது. முடிதிருத்தும் கடையில், “ஓரமா நில்லுங்கப்பா, ஒவிடியோ குறுக்கே விழப் போறான்” என்பார்கள். மாதக்கணக்கில் சிரித்துச் சமாளித்தான். பிறகு ஒரு நாள் வராமல் நின்றுவிட்டான். வேறு எந்தக் குழுவும் கூப்பிடவில்லை. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் கொதிகலன் பார்க்கிற, படிக்கட்டு துடைக்கிற வேலை கிடைத்தது.

அன்செல்மோ ஞானமகளைப் பார்க்கப் போவதை நிறுத்தவில்லை. குழந்தைகளுக்குப் பரிசு கொடுக்கிற ராஜாக்கள் திருநாளுக்கு நெரேய்தாவுக்கு வருடா வருடம் முந்தையதைவிட விலையான பரிசு கொண்டுபோவான். ஒவிடியோவின் மனைவி முதல் தட்டு சோற்றை இவனுக்குத்தான் வைப்பாள். அதைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பான். எதிரே ஒவிடியோ அமைதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது அழுதிருக்கலாம். ப்ரோவியும் காலப்போக்கில் ‘போய்ச் சொல்லிடு’ என்பதை நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்தியதுதான் அவனை அதிகம் அறுத்தது. நம்மிடம் இனி எதையும் எதிர்பார்க்கவில்லை போல என்று புரிந்துகொண்டு வெட்கப்பட்டான்.

தலை நரைத்த பிறகு, தீவின் யபுக்கோவா ஊர்க்காரர்கள் சங்கத்தில் அவனுக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். முழுப் பன்றி வறுவல், துவரை போட்ட சோறு, காகிதத் தோரணம், மத்தியான வெயில். ஒவிடியோ குடும்பத்தோடு கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தான். நெரேய்தா இப்போது பள்ளிக்கூட ஆசிரியை. அன்செல்மோ பேச எழுந்தான். அன்று காலை கண்ணாடிமுன் நின்று முடிவு செய்திருந்தான்: இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி இல்லை.

சொல்லிவிட்டான். ஒன்றையும் மறைக்கவில்லை. “அன்னைக்குக் கையை முன்னாடியே தூக்கினது நான். மணி சரியா இருந்துச்சு. ஒவிடியோ தப்பு பண்ணல. தெரிஞ்சே அவனைத் திரும்பிப் பார்த்தேன். என் வெட்கக்கேட்டை அவன் தலையில கட்டிட்டேன்.”

அப்புறம் டாட்டோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். கண் கலங்கியிருந்தது.

“பாத்தீங்களா? இதான்யா அன்செல்மோ! அங்க நின்னு ஊதினவன் நான். என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? கொம்பாய்க்காகத் தன் பேரையே தூக்கிக் குடுக்குறான் பாருங்க!”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. “இல்லடா! நிஜம்டா! நான்தான்!” என்று அன்செல்மோ கத்தினான். அவன் கத்தக் கத்த அதிகமாகத் தட்டினார்கள். “நிஜந்தான், நான் ஆடினேன்” என்று முன்வரிசையில் ப்ரோவி எழுந்தாள். “புருஷனுக்கேத்த பொண்டாட்டி!” என்று யாரோ சொல்ல, அதற்கும் கைதட்டல்.

நாலு பேர் ஒவிடியோவைத் தூக்காத குறையாக மேடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள். கட்டிப்பிடித்தபடி ஒவிடியோ காதருகே பேசினான். கோபம்கூட இல்லை, களைப்புத்தான் இருந்தது.

“நான் தப்பு பண்ணலங்கறதுதான் என்கிட்ட இருந்துச்சு கொம்பாய். யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தேன். இப்ப அதை உன் பெருந்தன்மையா ஆக்கிட்டியே. இனிமே நானே வாயைத் திறந்து சொன்னாக்கூட, நீ சொல்லிக் குடுத்ததுன்னுதானே சிரிப்பாங்க?”

அதற்குள் நெரேய்தா படியேறி வந்துவிட்டாள். முகமெல்லாம் கண்ணீர். ஞானத்தந்தையின் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“எங்க அப்பாவுக்காக இத்தனை பேர் முன்னாடி இவ்வளவு பெரிய பொய் சொன்னீங்களே பத்ரீனோ. இதை நான் சாகுறவரைக்கும் மறக்கமாட்டேன்” என்றாள்.

ஒவிடியோ பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.